புதிதாகக் கட்டிய வீடு வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள் (சென்னையும் சுற்றுவட்டாரமும்)

கட்டி முடித்த பிளாட்டோ, கட்டிக்கொண்டிருக்கும் பிளாட்டோ, பில்டர் கட்டி விற்கும் தனி வீடோ, எதை வாங்குவதானாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். சட்டமும் கட்டணமும் தமிழ்நாட்டுக்கு உரியவை. கட்டண விகிதங்கள் அவ்வப்போது மாறும் என்பதால், பதிவுக்கு நாள் குறிக்கும் முன் சார் பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

புது வீடுதானே, பத்திரத்தை அவ்வளவு பார்க்க வேண்டுமா?

வீடு புதிது, மண் பழையது. வழக்கு வருவதெல்லாம் மண்ணின் மேல்தான். குறைந்தது 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். அதில் வரும் ஒவ்வொரு பதிவுக்கும் உரிய பத்திரத்தின் நகலைக் கேட்டு, தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பாருங்கள். பாகப்பிரிவினையில் ஒரு வாரிசு கையெழுத்துப் போடாமல் விட்டிருப்பது, மைனராக இருந்தவரின் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றிருப்பது, பவர் (விற்கும் அதிகாரம் தரும் பத்திரம்) கொடுத்தவர் இறந்த பிறகு அந்தப் பவரை வைத்துக் கிரயம் செய்திருப்பது ஆகிய மூன்றும் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்கள்.

பதிவான ஆவணங்கள் மட்டுமே வில்லங்கச் சான்றில் இருக்கும். பதிவாகாத உயில், நிலுவையில் உள்ள வழக்கு, பதிவாகாத வாய்மொழி ஏற்பாடு எதுவும் அதில் வராது. பட்டா, அ-பதிவேடு (நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்), நகரப் பகுதியானால் நகர நில அளவைப் பதிவேடு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்ப்பது அதனால்தான். சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பளவு மூன்றும் பத்திரத்திலும் பட்டாவிலும் ஒத்துப்போக வேண்டும். அ-பதிவேட்டில் ஓடை, வாய்க்கால், ஏரி, மேய்க்கால், கோயில் நிலம் என்ற குறிப்பு இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

பெரிய வங்கி கடன் கொடுக்கச் சம்மதித்துவிட்டது. அது போதாதா?

போதாது. வங்கியின் வக்கீல் தரும் கருத்து வங்கியின் பணத்தைக் காப்பதற்கு. உங்கள் பணத்தைக் காக்க நீங்கள் அமர்த்தும் வக்கீல் வேறாக இருக்க வேண்டும். பில்டர் "எங்கள் வக்கீலே பார்த்துவிட்டார்" என்று தரும் அறிக்கையையும் இதே கணக்கில் வையுங்கள். பல லட்சம் போகிற இடத்தில் வக்கீல் கட்டணத்தை மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

இன்னொன்றும் உண்டு. பில்டர் அந்த மனையையே ஈடு வைத்துக் கட்டுமானக் கடன் வாங்கியிருக்கலாம். அது தவறல்ல. ஆனால் உங்கள் பிளாட்டை ஈட்டிலிருந்து விடுவித்து அந்த வங்கி தரும் தடையில்லாச் சான்று, கிரயத்துக்கு முன் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ரெரா பதிவு எதற்கெல்லாம் கட்டாயம்?

ரெரா எனப்படும் 2016 ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, மனை 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ, வீடுகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் பதிவு தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது சுமார் 5,380 சதுர அடி, அதாவது இரண்டேகால் கிரவுண்டு. சென்னைத் தெருக்களில் பழைய தனி வீட்டை இடித்துவிட்டு ஒரு கிரவுண்டில் நாலு பிளாட், இரண்டு கிரவுண்டில் ஆறு பிளாட் என்று எழும்புபவை பெரும்பாலும் இந்த விலக்குக்குள் வந்துவிடும். அவற்றை வாங்கக் கூடாது என்பதில்லை. ஆனால் ரெரா தரும் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். தகராறு வந்தால் நுகர்வோர் ஆணையம் அல்லது சிவில் நீதிமன்றம்தான் வழி.

பதிவான திட்டமென்றால் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பதிவு எண்ணைத் தேடுங்கள். அனுமதி பெற்ற வரைபடம், மொத்த வீடுகள், முடிக்க ஒப்புக்கொண்ட தேதி எல்லாம் அங்கே இருக்கும். விளம்பரத் தாளில் சொன்ன தேதியும் ரெராவில் எழுதிக்கொடுத்த தேதியும் பல நேரம் வேறுவேறு. உங்கள் ஒப்பந்தத்தில் ரெரா தேதிக்குப் பிந்தைய தேதி இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

புக்கிங் என்று எவ்வளவு பணம் கொடுக்கலாம்?

ரெரா திட்டத்தில், பதிவு செய்த கிரய ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10%க்கு மேல் வாங்க பில்டருக்கு உரிமை இல்லை. "இன்று 20% கொடுத்தால் சதுர அடிக்கு 300 ரூபாய் குறைவு" என்பது சட்டத்தை மீறும் பேச்சு. வாங்குவோர் தரும் பணத்தில் 70% தனி வங்கிக் கணக்கில் போட்டு, அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே எடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். காசோலையை அந்தக் கணக்கின் பெயருக்கே எழுதுங்கள். எந்தப் பங்கையும் ரொக்கமாகக் கேட்டால், அந்தத் தொகைக்கு நாளை உங்களிடம் எந்தச் சான்றும் இருக்காது.

1,100 சதுர அடி என்கிறார்கள், உள்ளே போனால் அவ்வளவு தெரியவில்லையே?

தெரியாது, ஏனென்றால் அது விற்பனைப் பரப்பு. மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை, வெளிச்சுவர் எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்துச் சொல்லும் எண். ரெரா சொல்லும் கார்ப்பெட் ஏரியா வேறு: வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பும் உள் தடுப்புச் சுவர்களும் மட்டும். வெளிச்சுவர், பால்கனி, பைப் போகும் குழி, திறந்த மாடி ஆகியவை அதில் சேராது. விலையைப் பேச வேண்டியது இந்த எண்ணை வைத்துத்தான்.

ஒரு கணக்கு: விற்பனைப் பரப்பு 1,100 சதுர அடி, கார்ப்பெட் 770. சதுர அடி 7,000 ரூபாய் என்றால் விலை 77 லட்சம். கார்ப்பெட் கணக்கில் சதுர அடி 10,000 ரூபாய் ஆகிறது. பக்கத்துத் தெருவில் 7,300 சொல்லும் பில்டர் அதே 1,100க்கு 840 கார்ப்பெட் தந்தால், அவர் கணக்கில் சுமார் 9,560 தான். விலை அதிகமாகத் தெரிவதே மலிவு. அளவு நாடாவை எடுத்துப் போய் ஒவ்வொரு அறையையும் பூச்சுக்குப் பூச்சு அளந்து வாருங்கள்.

யு.டி.எஸ் எவ்வளவு வரவேண்டும்?

யு.டி.எஸ் எனப்படும் பிரிபடாத மனைப் பங்கு என்பது நீங்கள் உண்மையில் வாங்கும் நிலம். கட்டடத்துக்கு வயதாகி மறுகட்டுமானம் வரும் நாளில் மதிப்பு பெரும்பாலும் இதில்தான் இருக்கும். கணக்கு எளிது: உங்கள் பரப்பை மொத்த விற்பனைப் பரப்பால் வகுத்து, மனைப் பரப்பால் பெருக்குங்கள். 5 கிரவுண்டு மனை, அதாவது 12,000 சதுர அடி. மொத்தம் 24,000 சதுர அடி கட்டடம். உங்களுடையது 1,100 என்றால் 550 சதுர அடி வரவேண்டும். சாலை விரிவாக்கத்துக்கு 1,000 சதுர அடி தானமாக எழுதிக்கொடுத்திருந்தால் மீதி 11,000ஐ வைத்துக் கணக்கிட வேண்டும், 504 தான் வரும். பில்டர் சொல்லும் எண் இதற்குக் கணிசமாகக் குறைந்தால், மிச்சத்தை யாருக்கு வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். மேலே இன்னொரு தளம் போடும் எண்ணம் இருக்கலாம். எல்லா வீடுகளின் பங்குகளையும் கூட்டினால் முழு மனையும் வரவேண்டும். அந்தப் பட்டியலையே கேட்டு வாங்குங்கள்.

விலைக்கு மேல் எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்?

2023 டிசம்பரிலிருந்து, பில்டரிடம் நேரடியாக வாங்கும் புது பிளாட்டுக்கு மனைப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் பதிவு. 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4%, அதற்கு மேல் 3 கோடி வரை 5%, 3 கோடிக்கு மேல் 7%. எல்லாவற்றிலும் பதிவுக் கட்டணம் 2% கூடும். மனையோடு வாங்கும் தனி வீட்டுக்கு வழக்கமான 7% தீர்வை, 2% பதிவுக் கட்டணம். வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த மதிப்பு), பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதன் மேல்தான் கணக்கு.

ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, பணி நிறைவுச் சான்று வந்த பிறகு வாங்கினால் கிடையாது. அதற்கு முன் வாங்கினால் 5%. சென்னை போன்ற பெருநகரில் கார்ப்பெட் 60 சதுர மீட்டருக்குள்ளும் விலை 45 லட்சத்துக்குள்ளும் இருந்தால் 1%. வேலை ஏறக்குறைய முடிந்து, சான்றுக்குக் காத்திருக்கும் கட்டடத்தில் இரண்டு மாதம் பொறுத்தால் இந்த 5% மிச்சமாகலாம். பில்டர் அவசரப்படுத்தும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

மேலே சொன்ன 77 லட்ச பிளாட்டுக்குப் பதிவுச் செலவு 5.39 லட்சம், கட்டுமானத்தில் வாங்கினால் ஜி.எஸ்.டி 3.85 லட்சம். 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி வீட்டு மதிப்பில் 80% வரைதான் தரும், பதிவுச் செலவை அந்த மதிப்பில் சேர்க்காது. ஆக 61.6 லட்சம் கடன் போக, 24.64 லட்சம் உங்கள் கையிலிருந்து வரவேண்டும். கார்ப்பஸ் ஃபண்டு (குடியிருப்பின் பொது நிதி), ஓராண்டு பராமரிப்பு முன்பணம், மின் இணைப்பு, குடிநீர், கழிவுநீர் வைப்புத்தொகை என்று பில்டர் தனியாகப் பட்டியலிடுபவை இதற்கு மேல். அந்தப் பட்டியலை ஒப்பந்தத்தில் தொகையோடு எழுதி, "இதர கட்டணங்கள்" என்ற வரியை அடிக்கச் சொல்லுங்கள்.

டி.டி.எஸ் பிடிக்க வேண்டியது நானா?

ஆம். டி.டி.எஸ் என்பது விற்பவரின் வருமான வரிக்காக வாங்குபவர் பிடித்துக் கட்டும் தொகை. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஒவ்வொரு தவணையிலும் 1% பிடித்து வருமான வரித் துறையில் கட்ட வேண்டும், மாதம் முடிந்து 30 நாளுக்குள். கார் பார்க்கிங், கிளப், பராமரிப்பு முன்பணம் ஆகியவையும் விலையில் சேரும். இது கூடுதல் செலவல்ல, பில்டருக்குப் போகும் பணத்திலிருந்து பிடிப்பது. மறந்தால் வட்டியும் தாமதக் கட்டணமும் உங்கள் தலையில்தான். விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் விதியே வேறு, ஆடிட்டரைக் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

பணி நிறைவுச் சான்று இல்லாவிட்டால் என்ன?

கட்டடம் அனுமதி வரைபடப்படிதான் எழும்பியிருக்கிறது என்று சி.எம்.டி.ஏ.வோ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) டி.டி.சி.பி.யோ (நகர் ஊரமைப்பு இயக்ககம்) உள்ளாட்சியோ தரும் சான்று இது. இது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பும் குடிநீர், கழிவுநீர் இணைப்பும் கிடைப்பது சிக்கல். கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக மின் இணைப்பிலேயே குடிபோனவர்கள் வீட்டுக் கட்டணத்தைவிட அதிகம் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

சிறிய குடியிருப்புக் கட்டடங்களுக்கு உயரம், பரப்பு, வீடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்து இந்தச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. விலக்கு சான்றுக்குத்தான், விதிமீறலுக்கு அல்ல. அப்படிப்பட்ட வீட்டில் அதிகாரி செய்யும் சரிபார்ப்பை நீங்கள் செய்ய வேண்டும். அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பக்கமும் விட்ட இடைவெளியை நாடாவால் அளங்கள். மாடிகளை எண்ணுங்கள். வரைபடத்தில் வண்டி நிறுத்தும் தரைத்தளம், நேரில் ஒரு கடையும் வாட்ச்மேன் அறையும் என்றால் அது விதிமீறல். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட உடனடி அனுமதி கிடைக்கிறது. வசதிதான். ஆனால் முன்கூட்டியே யாரும் சரிபார்க்காத அனுமதி அது.

புறநகரில் தனி வீடு. பஞ்சாயத்து அப்ரூவல் என்கிறார்கள்?

மனைப்பிரிவுக்கு அனுமதி தர பஞ்சாயத்துத் தலைவருக்கு அதிகாரம் இல்லை. டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. அனுமதி எண் வேண்டும். பழைய அனுமதியற்ற மனையானால், 2017 ஆம் ஆண்டு வரன்முறைத் திட்டத்தில் வரன்முறைப்படுத்திய ஆணையைக் கேளுங்கள். 20.10.2016க்கு முன் பதிவான மனைகளுக்குத்தான் அந்தத் திட்டம்.

வெள்ளம் வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருமுனைக் கடையிலும் பக்கத்து வீட்டிலும் கேளுங்கள், விற்பவரிடம் அல்ல. முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கம் இது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். தரைமட்டம் தெருவைவிட எவ்வளவு உயரம் என்று பாருங்கள். சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போடும் ஊரில், இன்று ஓரடி உயரமிருக்கும் வாசல் பத்தாண்டில் தெருவோடு தெருவாகிவிடும். கீழ்த்தளப் பார்க்கிங் என்றால் மழைநீரை வெளியேற்றும் மோட்டார் எத்தனை, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் அதை ஓட்டுமா, மின் மீட்டர் பலகை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். அடைமழைக் காலத்தில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

சாவி வாங்கும் முன் வீட்டில் என்னென்ன சோதிக்க வேண்டும்?

கடைசித் தவணை உங்கள் கையில் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். பிறகு ஆள் வர மாட்டார். ஒரு சிவில் இன்ஜினீயரை அழைத்துப் போவது நல்லது. இல்லாவிட்டாலும் பெரும்பாலானவற்றை நீங்களே செய்யலாம்.

குளியலறையில் தொடங்குங்கள், புது வீட்டுப் புகார்களில் பெரும்பங்கு அங்கிருந்துதான். தண்ணீர் போகும் துளையை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் மட்டம் குறித்து 48 மணி நேரம் விடுங்கள். சில மில்லிமீட்டர் குறைவது ஆவியானதால். அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தாலோ நீர்த்தடுப்பு சரியில்லை. தளத்தில் துளை போட்டுப் பைப்பை இறக்கிய இடத்தைச் சரியாக அடைக்காததும், குளியலறைக்காகத் தாழ்த்திப் போட்ட தளத்தை நிரப்பும்போது கட்டட இடிபாட்டைக் கொட்டி நீர்த்தடுப்புப் பூச்சைக் கிழித்துவிடுவதும்தான் பெரும்பாலும் காரணம். டைல்ஸ் போட்ட பிறகு கண்ணுக்குத் தெரியாது. கட்டுமானத்திலேயே வாங்கியிருந்தால், டைல்ஸுக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் இந்தச் சோதனையைக் கேளுங்கள். பிறகு அடைப்பை எடுத்து, ஒரு வாளி தண்ணீரை மூலையில் ஊற்றுங்கள். துளையை நோக்கி ஓட வேண்டும், தேங்கக் கூடாது. பால்கனிக்கும் இதே சோதனை.

டைல்ஸை ஒரு நாணயத்தாலோ மரக்கட்டையாலோ தட்டிக்கொண்டே நடங்கள். டொக்கு டொக்கென்று வெற்றொலி வரும் இடத்தில் அடியில் கலவை முழுதாக நிரம்பவில்லை. கட்டில், பீரோ கால் அங்கே நின்றால் உடையும். சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மின்பலகையில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா, 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். மூன்று விளக்குள்ள சாக்கெட் டெஸ்டர் மலிவாகக் கிடைக்கும். எல்லா பிளக்கிலும் செருகினால் எர்த் இல்லாததும் ஃபேஸ், நியூட்ரல் மாறியதும் தெரிந்துவிடும். ஏ.சி. பாயின்டுக்கு 4 சதுர மி.மீ. ஒயர் இழுத்தார்களா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒரு பெட்டியைத் திறந்து பாருங்கள். 2.5 போட்டு முடித்துவிடும் இடங்கள் உண்டு.

எல்லாக் குழாயையும் ஒன்றாகத் திறந்து, ஃபிளஷ் செய்யுங்கள். மேல்தளத்தில் ஷவர் சொட்டினால் தொட்டியின் உயரம் போதவில்லை, பிரஷர் பம்ப் தேவைப்படும். ஜன்னல்களுக்கு வெளியிலிருந்து ஹோஸ் பைப்பால் பத்து நிமிடம் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். யு.பி.வி.சி. ஜன்னலின் அடித்தண்டவாளத்தில் தண்ணீர் வெளியேறும் சிறு துளை அடைபட்டிருந்தால் மழையில் கூடத்துக்குள் வரும்.

சுவரில் விரிசல் இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

எல்லாம் ஒன்றல்ல. தலைமுடி போல வலைப்பின்னலாகப் பூச்சில் ஓடுவது, பூச்சுக்குத் தண்ணீர் சரியாக ஊற்றாததாலோ சிமென்ட் கூடியதாலோ வந்தது. அழகுக் குறைதான். தூணும் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக வந்தால், அந்த இணைப்பில் கம்பி வலை வைக்காமல் பூசியிருக்கிறார்கள். வெட்டி, வலை வைத்துப் பூசச் சொல்லுங்கள். வெறும் புட்டியைத் தேய்த்து மறைத்தால் அடுத்த கோடையில் திரும்பும். மேல்தள வீட்டில் கூரையை ஒட்டிப் படுக்கைவசமாக வரும் கோடு, வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால். மாடியில் வெப்பத்தடுப்பு ஓடு பதித்தால் அடங்கும்.

கவலைப்பட வேண்டியவை வேறு: ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி அகலமாகிக்கொண்டே போவது, செங்கல் இணைப்பு வழியே படிப்படியாக இறங்குவது, தூணிலோ உத்தரத்திலோ கம்பியின் போக்கில் துருக்கறையோடு தெரிவது. முதலிரண்டும் அடித்தளம் ஒருபக்கம் இறங்குவதைக் காட்டலாம். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண் பகுதிகளில் இது அதிகம். விரிசலின் இரு முனையிலும் பென்சில் கோடும் தேதியும் போட்டு, சில வாரம் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டி ஓடியிருந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் பார்க்காமல் பதிவு செய்ய வேண்டாம்.

குடிவந்த பிறகு குறை தெரிந்தால்?

ரெரா திட்டத்தில், ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பு, வேலைத்திறன், தரம் ஆகியவற்றில் குறை தெரிந்து நீங்கள் எழுத்தில் சொன்னால், பில்டர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். சைட் இன்ஜினீயருக்கு வாட்ஸ்அப் அனுப்பினால் மட்டும் போதாது. பதிவுத் தபாலில் படத்தோடு கடிதம் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். "எல்லாம் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் சாவி வாங்கும்போது கையெழுத்துக் கேட்பார்கள். குறைகளின் பட்டியலை அதே தாளில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சொன்ன தேதியில் வீடு தரவில்லை. என்ன செய்யலாம்?

இரண்டு வழி உண்டு, எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். விலகினால் கொடுத்த பணம் வட்டியோடு திரும்ப வேண்டும். இருந்தால் ஒப்படைக்கும் வரை மாதாமாதம் தாமத வட்டி. தமிழ்நாட்டு விதிப்படி வட்டி, ஸ்டேட் பேங்கின் அதிகபட்ச எம்.சி.எல்.ஆர். (கடன் வட்டிக்கு அடிப்படையான) விகிதத்தோடு 2% கூட்டியது. நீங்கள் தவணை தாமதித்தாலும் இதே விகிதம்தான். பில்டர் தமக்கு 18%, உங்களுக்குச் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய் என்று எழுதியிருந்தால் கையெழுத்துக்கு முன்பே மாற்றச் சொல்லுங்கள்.

ரெராவுக்குள் வராத சிறு கட்டடம் என்றால், கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

ஒப்பந்தத்துக்குப் பிறகு பிளானை மாற்றுகிறார்கள்?

உங்கள் வீட்டுக்குள் மாற்ற உங்கள் சம்மதம் வேண்டும். கட்டடத்திலோ பொதுப் பகுதியிலோ மாற்ற, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். சம்மதத்தை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் ஒரு வரியில் வாங்கிவிடுவது பில்டர்களின் பழக்கம். அந்த வரியைத் தேடி அடியுங்கள்.

கார் பார்க்கிங்?

திறந்தவெளிப் பார்க்கிங் பொதுப் பகுதி, விற்க முடியாது. கூரையுள்ள இடமானால் எண்ணும் வரைபடமும் பத்திரத்திலேயே வரட்டும். உங்கள் காரை நேரில் கொண்டுபோய் நிறுத்திக் கதவைத் திறந்து பாருங்கள், தூண் இடிக்கும் இடங்கள் அதிகம்.

தண்ணீருக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால் "போர் இருக்கிறது" என்கிறார்கள்.

போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுங்கள். கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்புடையது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. அதற்கு மேல் போனால் குழாய், கீசர், வாஷிங் மெஷின் எல்லாவற்றிலும் உப்புப் படியும். ஓ.எம்.ஆர். பக்கம் பெரிய குடியிருப்பில் வாங்குவதானால், அதே பில்டரின் முந்தைய குடியிருப்புச் சங்கத்திடம் ஏப்ரல், மே மாத லாரித் தண்ணீர்ச் செலவைக் கேளுங்கள். சதுர அடிக்கு மூன்று ரூபாய் என்று சொன்ன பராமரிப்பு எப்படி உயர்கிறது என்பது அந்த பில்லில் தெரியும். பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் கழிவுநீர் லாரிச் செலவும் சேரும்.

பதிவு முடிந்த பிறகு?

புதிய வில்லங்கச் சான்று எடுத்து உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு மூன்றிலும் பெயர் மாற்றுங்கள். தனி வீடானால் பட்டா. பில்டரிடமிருந்து கட்டமைப்பு வரைபடம், மின் ஒயர் போகும் பாதை, பைப் பாதை ஆகியவற்றின் நகலையும், லிஃப்ட் உரிமத்தையும் தீயணைப்புத் துறைச் சான்றையும் சங்கத்தின் பெயரில் வாங்குங்கள். அவரது அலுவலகம் அடுத்த திட்டத்துக்கு இடம் மாறிய பிறகு இவற்றைத் தேடிப் பிடிப்பது கடினம், ஆணி அடிக்கத் துளை போடும் முதல் நாளிலேயே பைப் பாதை வரைபடம் தேவைப்படும்.